முன்மொழிபவர்

சைக்கிளை வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம், அந்தச் சைக்கிளில் என்ன கோளாறு என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு பூட்டைத் திறந்துவிடுகிற கடைக்காரர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

"அஞ்சாம் நம்பர்ல பின்பிரேக் புடிக்காது. எறக்கம் வந்தா எறங்கித் தள்ளிக்கினு போங்க."

"இத முன்னாடியே சரிபண்ணி வெக்கக்கூடாதா?"

"பிரேக் கட்டை நாளைக்குத்தான் வரும். இன்னைக்கே வேணும்னா இப்படித்தான்."

கேட்டவர் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த இன்னொரு கடைக்குப் போவார். அங்கேயும் பிரேக் பிடிக்காது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த தடவை அவர் எங்கள் தெரு முனைக்கே வந்துவிடுவார்.

செங்கம் சாலையிலிருந்து எங்கள் தெரு பிரிகிற இடத்தில் அந்தக் கடை இருந்தது. எழுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே இருந்தது. மொத்தம் ஒன்பது சைக்கிள். அதில் இரண்டு எப்போதும் தலைகீழாக நிற்கும். அவற்றுக்கு நடுவில், புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். பெயர் எனக்குத் தெரியும். வேட்பு மனுவில் நானே என் கையால் எழுதிய பெயர். இங்கே எழுத மனம் வரவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் சைக்கிள்கடை அக்கா. எனக்கும் அக்கா.

அந்தக் காக்கிச் சட்டை கணவருடையது. கணவர் எங்கே என்று யாராவது கேட்டால், மற்ற பெண்களாக இருந்தால் "பெங்களூர்ல வேலை" என்று சொல்லி முடித்திருப்பார்கள். அக்கா அப்படிச் சொல்ல மாட்டார். "இன்னொருத்தியோட பெங்களூர் போய்ட்டாரு. அவரு விட்டுட்டுப் போனதுல இந்தச் சட்டையும் சைக்கிளுங்களும்தான் உபயோகமா இருக்குது" என்பார். சிரிக்கவும் மாட்டார், அழவும் மாட்டார். கேட்டவர்தான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்.

இந்தக் குணம் எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு தடவை போளூர்ப் பக்கத்திலிருந்து பெண் வீட்டுக்காரர்கள் எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். முனையில் கடை இருந்ததால் முதலில் அக்காவிடம்தான் கேட்டார்கள்.

"பையன் எப்படிம்மா?"

"குடிப்பான். சனிக்கெழம மட்டும். கை நீட்ட மாட்டான். வேலைக்கு ஒழுங்காப் போவான்."

அவர்கள் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். பையனின் அம்மா கடைக்கு முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "ஒரு வார்த்த மாத்திச் சொன்னா இன்னா கொறஞ்சிடும் இவளுக்கு?" என்று முணுமுணுத்தாள். மண்ணெல்லாம் விழுந்து முடிந்த பிறகு அக்கா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "குடிக்கவே மாட்டான்னு சொல்லியிருந்தேன்னா, அந்தப் பொண்ணு நாளைக்கு என் கடையாண்ட வந்து நிக்கும். அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். பையனின் அம்மா அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் துப்பிவிட்டுப் போவாள்.

பெண் பிள்ளைகளுக்கும் சைக்கிள் வாடகைக்குக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். நானும் வாங்கி ஓட்டியிருக்கிறேன். மற்றவர்களைப் போல "பயப்படாத" என்று சொல்ல மாட்டார். "விழுவ. முட்டி தேயும். பரவால்லையா?" என்று கேட்பார். சரி என்றால்தான் தருவார்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்து மூன்று வயது. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை முடித்துவிட்டு, தேரடிக்குப் பக்கத்தில் மாடியில் இயங்கிய ஒரு மாதர் சங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருஷமாக நடக்காமல் இருந்த நகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று ஊரில் பேச்சு. சங்கத் தலைவி ஒரு டாக்டரின் மனைவி. தேர்தலில் நிற்க விரும்பும் பெண்களுக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். வார்டுக்கு ஒரு பெண்ணையாவது சேர்க்க வேண்டும் என்பது எனக்கு வந்த உத்தரவு. எங்கள் வார்டில் யாரும் கிடைக்கவில்லை. படித்தவர்கள் வீட்டில் விட மாட்டார்கள் என்றார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். பட்டியலில் எங்கள் வார்டுக்கு நேராகக் காலியிடம் இருந்தது. அதை நிரப்ப வேண்டும் என்றுதான் சைக்கிள்கடைக்குப் போனேன். அக்காவின் தகுதியைப் பார்த்துப் போனேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது நிஜமில்லை.

"நானா? அஞ்சாவது படிச்சவ. கவுன்சிலரு ஆவறதா?"

"சும்மா வந்து உக்காருங்கக்கா. பிடிக்கலன்னா விட்டுடலாம்."

"சும்மா வந்து உக்கார மாட்டேன் டைப்பு. வந்தா நிப்பேன். அப்பால உனக்குத்தான் கஷ்டம்."

என்னை அவர் டைப்பு என்றுதான் கூப்பிடுவார்.

வந்தார். முதல் சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். நாலாவது சனிக்கிழமை ஏழு பேர் மிஞ்சினார்கள். அக்கா ஒரு வகுப்பும் விடவில்லை. கடையை ஒரு மணிக்கே அடைத்துவிட்டு, நகத்தில் படிந்த கிரீஸ் கறுப்போடு முன்வரிசையில் உட்காருவார். பாடம் எடுத்தவர் வேலூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நகராட்சி அதிகாரி. மனு எப்படி நிரப்புவது, கூட்டத்தில் எப்படிக் கேள்வி கேட்பது, வரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சொல்லிக் கொடுத்தார். அக்கா அச்சடித்த தாளில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். புரியாத இடத்தில் விரல் நின்றுவிடும். மற்றவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். அக்கா, "இது எனக்குப் புரியல சார்" என்பார். அதற்கு மேல் வகுப்பு நகராது. அவர் கேட்ட பிறகுதான் எனக்கும் அது புரியவில்லை என்பது தெரியவரும்.

ஒரு வாரம் மைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொருவரும் வாக்காளர்களிடம் பேசுவது போலப் பேச வேண்டும். ஒருவர் வீட்டுக்கு வீடு குழாய் போடுவேன் என்றார். இன்னொருவர் தெருவுக்குத் தெரு விளக்கு என்றார். அக்காவின் முறை வந்தது. மைக்கில் தன் குரலைக் கேட்டதும் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார். பிறகு பேசினார்.

"நம்ம தெருக் குழாய்ல தண்ணி வருமான்னு எனக்குத் தெரியாது. மேட்டுப் பக்கம் பைப்பு சின்னது. அத மாத்த ஜாஸ்தி செலவாகும்னு சார் சொன்னாரு. நான் போய் மாத்தச் சொல்லிக் கேப்பேன். மாத்தலன்னா ஏன் மாத்தலன்னு தெரிஞ்சுக்கினு வந்து உங்ககிட்ட சொல்லுவேன். தெரியாம இருக்காது உங்களுக்கு. அதுக்கு நான் பொறுப்பு."

உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "இப்படிப் பேசினா யாரும்மா ஓட்டுப் போடுவாங்க?" என்றார்.

"போடலன்னா போறாங்க சார். பொய் சொல்லி வாங்கினா, தெனமும் அதே தெருவுலதான நான் உக்காந்திருக்கணும்?"

சிரிப்பு நின்றது. தலைவியம்மா மட்டும் ஏதோ குறித்துக்கொண்டார்.

தேர்தல் அறிவிப்பு வந்தது. ஏழு பேரில் மூன்று பேர்தான் நிற்கிறேன் என்றார்கள். அக்கா அதில் ஒருவர். சுயேச்சையாக. எங்கள் தெருவில் அது பெரிய பேச்சாகிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், நிறையப் பேருக்கு அது பிடித்திருந்தது. துப்பிவிட்டுப் போன அந்த அம்மாகூட, "அவ நாக்கு கசப்புதான். ஆனா முனிசிபாலிட்டிக்கு அந்த நாக்குதான் வேணும்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

மனு போட ஒரு முன்மொழிபவர் வேண்டும். அதே வார்டில் ஓட்டு உள்ளவர், வேட்பாளரின் பெயரை நான் முன்மொழிகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் மனு செல்லாது. வேறு யாரிடமும் கேட்க அக்காவுக்குத் தோன்றவில்லை.

"நீதான கூட்டிக்கினு போன. நீ போடறியா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

"இதுல என்னக்கா இருக்கு? நான் போடறேன்."

மனுவை நானே நிரப்பினேன். முன்மொழிபவர் என்ற இடத்தில் என் பெயர், என் வாக்காளர் எண். கையெழுத்து மட்டும் பாக்கி. தாளை அக்காவிடம் கொடுத்து வைத்தேன். கடைசி நாள் காலை பதினோரு மணிக்கு நகராட்சி அலுவலக வாசலில் சந்திப்பது, அங்கேயே அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடுவது என்று பேசிக்கொண்டோம்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு அரிசி மண்டிக்காரர் வந்தார். அப்பா அவரிடம்தான் வேலை பார்த்தார். எங்கள் வார்டில் நிற்கப்போவது மண்டிக்காரரின் மைத்துனர். வந்தவர் மிரட்டவில்லை. காபி குடித்தார். அம்மா போட்ட காபியைப் பாராட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா டைப்பெல்லாம் முடிச்சிருக்குதாமே. நம்ம கூட்டுறவு பேங்க்ல ஒரு எடம் காலியா இருக்குது. நான் சொன்னா கேப்பாங்க" என்றார். எழுந்து செருப்பைப் போடும்போதுதான், "நாளைக்கு எங்கயும் வெளிய கிளிய போவாதம்மா. வெய்யில் ஜாஸ்தி" என்றார்.

அவர் போன பிறகு அப்பா, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்று மட்டும் சொன்னார். அப்பா தடுத்தார் என்று சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் நான் போகவில்லை. பதினோரு மணிக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. மூன்று மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஒன்றரை மணிக்கு வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. நான் உள் அறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"டைப்பு இல்லீங்களா?" அக்காவின் குரல்.

"அவ வேலூருக்குப் போயிருக்காளே" என்றாள் அம்மா. நான் சொல்லச் சொல்லியிருந்ததைத்தான் சொன்னாள்.

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். நான் வெளியே வந்து பார்த்தபோது என் செருப்பு வாசற்படியில் கிடந்தது. வெளியே போட்டுக்கொண்டு போக என்னிடம் இருந்த ஒரே ஜோடி. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பச்சை வார்ச் செருப்பு.

பிறகு தெரிந்தது. மீதியிருந்த ஒன்றரை மணி நேரத்தில் அக்கா தெருவில் நாலு வீடு ஏறி இறங்கியிருக்கிறார். ஒருவருக்கு மண்டிக்காரரிடம் கடன். ஒருவர் அவர் வீட்டில் குடியிருந்தார். ஒரு பெண் சம்மதித்துப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாளாம். புருஷன் வாசலை மறித்துக்கொண்டான். மூன்று மணிக்கு அலுவலக மணி அடித்தபோது, அக்கா கையெழுத்தில்லாத மனுவோடு உள்ளே நின்றுகொண்டிருந்தார். மைத்துனர் பெரிய போட்டியில்லாமல் ஜெயித்தார்.

மனுத் தாக்கல் முடிந்த அந்த வாரச் சனிக்கிழமையே தலைவியம்மா எல்லோரையும் வரச் சொன்னார். அக்கா வருவார் என்று நான் நினைக்கவில்லை. வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் மூலையில் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, குறிப்பு எடுக்கத் தாளைச் செருகிக்கொண்டிருந்தேன். தலைவியம்மாவின் முகம் சிவந்திருந்தது.

"உங்கள நம்பி எவ்வளவு செய்தோம். மனுவே போடலையாமே. என்ன நடந்தது?"

அக்கா எழுந்து நின்றார். இப்போது சொல்லப்போகிறார். பின்பிரேக் பிடிக்காது என்று சொல்கிற அதே குரலில், என் பெயரைச் சொல்லப்போகிறார்.

"எனக்கே வேணாம்னு தோணிச்சும்மா. விட்டுட்டேன்" என்றார்.

அக்கா உட்காரவில்லை. தலைவியம்மாவைப் பார்க்கவும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. ஏதோ காத்திருப்பது போல இருந்தது. நான் தாளின் ஓரத்தைச் சரி செய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"இதுக்குத்தான் நான் ஆரம்பத்துலேயே சொன்னேன். படிச்சவங்களா பார்த்துச் சேர்க்கணும்னு" என்றார் தலைவியம்மா.

பயிற்சியில் தனக்குக் கொடுத்த தாள்களையெல்லாம் அக்கா அடுக்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பயிற்சி பற்றிய அறிக்கையை அடுத்த வாரம் நான்தான் தட்டச்சு செய்தேன். அவர் பெயருக்கு நேராக, 'கடைசி நேரத்தில் ஆர்வமின்மையால் தாமாகவே விலகினார்' என்று அடித்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. இரண்டு கார்பன் நகல். அடுத்த தடவை பயிற்சி நடந்தபோது, குறைந்தது பத்தாம் வகுப்பு என்று விதி வைத்தார்கள். அந்த விதியை அடித்ததும் நான்தான்.

பேங்க் வேலை கிடைத்தது. முப்பது வருஷம் அங்கே இருந்தேன். நல்ல வேலை. இன்று நான் சாப்பிடுகிற சாப்பாடு அதிலிருந்து வந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெருவின் அந்த முனை வழியாகப் போகாமல், பின்னால் குளத்தைச் சுற்றிக்கொண்டு போவேன். பத்து நிமிஷம் கூடுதல் நடை. ஒரு நாள் அம்மா, "இனிமே நேராவே போலாம். கடைய காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம்" என்றாள். கட்டடம் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

மறுபடி அவரைப் பார்த்தது எண்பதுகள் முடிகிற சமயம். எனக்குக் கல்யாணமாகியிருந்தது. கணவரோடும் அவர் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களோடும் ஒரு விடுமுறை நாள் காலையில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அடி அண்ணாமலையில் ஒரு புளியமரத்துக்குக் கீழே பஞ்சர் கடை. தகரக் கூரை. தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவரின் மேல் அதே காக்கிச் சட்டை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் நின்றேன்.

"வா டைப்பு" என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. "ஒடம்பு வெச்சிருக்க. நல்லா இருக்கியா?"

"இருக்கேன்க்கா. அன்னிக்கு நான் வீட்டுலதான்…"

"தெரியும். செருப்பு இருந்துச்சு."

தொட்டியில் ஒரு குமிழி வந்தது. அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"தெரிஞ்சும் ஏன்க்கா அந்தம்மாகிட்ட அப்படிச் சொன்னீங்க? நீங்க பொய்யே சொல்ல மாட்டீங்களே."

டியூபைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரு எதிர்லயும் உன்னக் காட்டிக் குடுக்க மனசு வரல. சின்னப் பொண்ணு, அப்பன் மண்டிக்காரங்கிட்ட வேல பாக்குறான்னு தெரியும் எனக்கு. ஆனா நான் சொன்னது பொய்னு அந்த ரூம்ல உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். 'இல்லம்மா, நான்தான் வரல'ன்னு நீ எழுந்து சொல்லுவன்னு இருந்தேன். எவ்ளோ நேரம் நின்னேன் பாத்தல்ல?"

அவர் அரத்தால் டியூபைத் தேய்க்க ஆரம்பித்தார். என்னைத் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

"போ. உன் ஆளுங்க தூரம் போய்ட்டாங்க" என்றார்.

வேகமாக நடந்து அவர்களைப் பிடித்தேன். கணவர் திரும்பிப் பார்த்து, "யாரு அது? ரொம்ப நேரமாப் பேசிக்கினு இருந்தியே" என்று கேட்டார்.

"யாரோ. வழி கேட்டேன்" என்றேன்.

மலையைச் சுற்றுகிற பாதையில் வழி கேட்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.